மேலூர்க் கருங்கல்லில் கைக்கோடரி ஏன் இல்லை?

வைகைக்கரை கேட்டது:

எங்கள் தோட்டம் மேலூருக்குக் கிழக்கே இருக்கிறது. உழும்போதெல்லாம் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) சில்லுகள் மேலே வருகின்றன. சில நகத்தளவே இருந்தாலும் ஓரம் கத்தியாக இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த பழைய கற்காலக் கைக்கோடரிகளோ உள்ளங்கையை நிறைக்கும் குவார்ட்சைட் (இறுகி உருமாறிய மணற்கல்) கருவிகள். சுற்றிலும் இத்தனை கருங்கல் மலைகள் இருந்தும், காவிரிக்குத் தெற்கே பழைய கற்காலக் கருவிகள் அரிதாக இருப்பதற்குக் கல்தான் காரணமா?

கல்தச்சன்மகன் எழுதியது:

பெருமளவு காரணம் கல்தான் என்பது என் கருத்து. கருவிக்கு உகந்த கல், அடித்த இடத்திலிருந்து விசை எல்லாத் திசையிலும் சமமாகப் பரவி, சிப்பியின் உட்புறம்போல் வளைந்து உடைய வேண்டும். நம் பக்கத்துக் கருங்கல் பெரும்பாலும் நைஸ் என்னும் பாறை; அதில் கனிமங்கள் பட்டை பட்டையாகப் படிந்திருப்பதால், அது பட்டையின் வழியே பிளக்கிறது அல்லது பருக்கை பருக்கையாக உதிர்கிறது. என் தந்தையார் வரிசையாகக் குழியடித்து, உளி இறக்கி, பத்தடிப் பலகையை நூல் பிடித்தாற்போல் பிளப்பார். அதே கல்லில் ஒரு கூரான விளிம்பு எடுத்துத் தரச் சொன்னால் அவராலும் முடியாது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அது வாய்த்தது, வெட்டுக்கருவிக்கு வாய்க்கவில்லை.

அத்திரம்பாக்கத்தின் நிலை வேறு. அருகிலுள்ள அல்லிக்குழி மலைகளில் ஆற்றால் உருண்டு மழுங்கிய குவார்ட்சைட் கற்கள் கூழாங்கல் முதல் பெரும் பாறாங்கல் வரை எல்லா அளவிலும் கிடைக்கின்றன. அதில் மணல்மணிகள் இறுகப் பிணைந்திருப்பதால் உடைப்பு மணிகளைச் சுற்றிப் போகாமல் அவற்றை ஊடறுத்துப் போகிறது. 1863இல் ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த அவ்விடத்தின் பழமை 15 லட்சம் ஆண்டுகள் என 2011இல் அறிவிக்கப்பட்டது. என்னை அதைவிட வியக்கவைப்பது, மிகப் பழைய மண் அடுக்குகளில் கல்லிலிருந்து அடித்துப் பெயர்த்த பெருஞ்செதில்கள் உண்டு, அவற்றைப் பெயர்த்த மூலக்கற்கள் இல்லை என்பதுதான். வேறிடத்தில் உடைத்து, வேண்டியதை மட்டும் சுமந்து வந்திருக்கிறார்கள்.

செம்மண்தேரி எழுதியது:

குவார்ட்சைட் இல்லையென்றால் மனிதரே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கர்நாடகத்தின் இசாம்பூரில் சிலிக்கா ஏறிய சுண்ணாம்புக்கல் பலகைகளையே கைக்கோடரிகளாக்கினார்கள். வெங்கச்சங்கல்லோ உள்விரிசல்கள் நிறைந்தது; பெரிய கருவிக்கு ஆகாது, விரல்நுனி அளவிலான நுண்கருவிக்கு ஆகும். தூத்துக்குடித் தேரிகளில் (செம்மணல் மேடுகளில்) கிடைத்தவை வெங்கச்சங்கல்லிலும், செர்ட் என்னும் நுண்மணிச் சிலிக்காக் கல்லிலும் செய்த அத்தகைய நுண்கருவிகளே. அவை மிகப் பிந்தியவை. உங்கள் சில்லுகளில் அடிவாங்கிய தட்டையான முனையும், அதன் கீழே சற்றே புடைத்த வயிறும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிராக்டர் கொழு பட்டாலும் கல் உடையும். அப்படிப் புதிதாக உடைந்த முகம் அழுக்கேறாமல் பளிச்சென்று இருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

இன்று காலை பதினேழு சில்லுகளைக் கழுவி வெயிலில் பரப்பிப் பார்த்தேன். பதினான்கு புது உடைப்புகள். மூன்றில் நீங்கள் சொன்ன முனையும் புடைப்பும் தெளிவாகத் தெரிகின்றன; செம்மண் கறை விளிம்புவரை ஊறியிருக்கிறது. மூன்றும் கிணற்றுமேட்டை ஒட்டிய ஒரே பாத்தியில் கிடைத்தவை. அந்தப் பாத்தியை இந்தப் போகம் உழாமல் விட்டுவிட்டு, தொல்லியல் துறைக்குக் கடிதம் எழுதப் போகிறேன்.