முரசு வளர்ந்து பல்லை மூடுகிறது, வலிப்புக் குளிசையை நிற்பாட்டலாமா?

புதுக்குடியிருப்பு அக்கா:

வணக்கம். இது என் தம்பியின் பிரச்சினை. 2009 இல் மாத்தளனில் இருக்கும்போது அவனுக்குத் தலையில் செல் துண்டு பட்டது, அப்போது பத்து வயது. காயம் ஆறி இரண்டு வருடம் கழித்து வலிப்புத் தொடங்கியது. அன்றிலிருந்து பெனிடோயின் குளிசைதான், அதனால் கடைசி மூன்று வருடமாக ஒரு வலிப்பும் இல்லை. சிக்கல் வாயில். முரசு எப்போதுமே கொஞ்சம் தடிப்புத்தான், ஆனால் இந்த இரண்டு வருடத்தில் முன்பற்களுக்கு நடுவே சோளமுத்து மாதிரித் திரண்டு இறங்கிப் பாதிப் பல்லை மூடிவிட்டது. பாண் கடித்தால் பாணில் இரத்தம். இரத்தம் வருகிறது என்று பல்லுத் தீட்டுவதும் குறைவு, விரலால் ஒரு தேய்ப்போடு சரி. போன மாதம் சித்தப்பா மகளின் கலியாணப் படங்கள் வந்தன, எல்லாவற்றிலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான்.

மாதாமாதம் கிளினிக் போகிறோம். கொப்பியில் ‘வலிப்பு இல்லை’ என்று எழுதி அதே குளிசையைத் தருகிறார்கள். ஒருவரும் வாயைத் திற என்று சொன்னதில்லை, நாங்களும் சொல்லவில்லை, அதுவும் உண்மை. இப்போது யாரோ இதற்குக் குளிசைதான் காரணம் என்று சொல்லிவிட்டார்கள், திங்கட்கிழமையோடு நிற்பாட்டப் போகிறேன் என்கிறான். மூன்று வருடம் வராதது இனியா வரப்போகிறது என்று கேட்கிறான். என்ன சொல்லி மறிப்பது?

முறிகண்டியான்:

அக்கா, விடாதீர்கள். இந்த முட்டாள்தனத்தை நான் செய்து பார்த்தவன். எனக்கும் இதே குளிசை, இதே முரசு. ஒருவருக்கும் சொல்லாமல் விட்டேன், ஐந்தாம் நாள் வயலுக்குத் தண்ணீர் கட்டும்போது வரம்பிலிருந்து குப்புற விழுந்திருக்கிறேன். ஒரு சாண் தண்ணீர்தான், மருமகன் பக்கத்தில் நின்றபடியால் இன்று இதை எழுதுகிறேன். வராமல் இருந்ததே குளிசை போட்டதால்தான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. திடீரென்று நிற்பாட்டினால் ஒரு வலிப்போடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகவும் வரலாம் என்று பிறகு வார்ட்டில் சொன்னார்கள்.

முரசை வெட்டலாம். எனக்கு விறைப்பு ஊசி போட்டு மேல்பக்கம் ஒரு நாள், கீழ்ப்பக்கம் இன்னொரு நாள் வெட்டினார்கள். இரண்டு நாள் ஆறின கஞ்சி, உறைப்புக் கிட்ட வரக்கூடாது. இரண்டாம் கிழமை கண்ணாடியில் பார்த்தால் என் பல் இவ்வளவு நீளமா என்று எனக்கே அதிசயம். ஆனால் வெட்டியாயிற்றே என்று பல்லுத் தீட்டாமல் திரிந்தேன், ஒரு வருடம் போகமுன் திரும்ப வளர்ந்துவிட்டது. இன்னொன்று, முன்பே பிடுங்கின கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் மட்டும் முரசு மொழுமொழு என்று கிடக்கிறது. அங்கே ஏன் வளரவில்லை?

செட்டிகுளம்:

உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள், வேப்பங்குச்சியும் நல்லது. என் மகனும் வலிப்புக்கு மருந்து எடுக்கிறான், முரசு பரவாயில்லை, ஆனால் முன்பல்லில் மண்ணிறக் கோடுகள். அதுவும் மருந்தாலா?

பல் பகுதி, வவுனியா:

பல் பகுதியில் வேலை செய்கிறேன், இந்த வாய்களைப் பார்த்துப் பழகியவன். முறிகண்டியான் கேட்டதில்தான் முக்கால்வாசி விஷயமும் இருக்கிறது. பல் இல்லாத இடத்தில் ஊத்தை படியாது, அதனால் அங்கே முரசு அநேகமாக வளராது. பெனிடோயின் 1938 இல் வந்தது, அடுத்த வருடமே முரசு வளர்வதைப் பற்றி எழுதிவிட்டார்கள், ஆகவே இது புதினமில்லை. எடுப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு ஏதோ ஓர் அளவில் வரும். முரசிலுள்ள நார்ச்சதை கரையவேண்டிய அளவு கரையாமல் சேர்ந்துகொண்டே போகிறது, பல்லடியில் ஊத்தை இருந்தால் அந்த வீக்கமும் கூடி இன்னும் தள்ளும். அக்கா, உங்கள் தம்பி இரத்தத்துக்குப் பயந்து தீட்டாமல் விட்டாரே, இரத்தமே அதனால்தான் கூடுகிறது.

மெதுவான பிரஷ் வாங்குங்கள். முரசும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்துப் பிடித்து, இரவு படுக்கமுன் கட்டாயம். முதல் கிழமை இரத்தம் வரும், நிற்பாட்டவேண்டாம். பல் பகுதியில் ஊத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள், குளோர்ஹெக்சிடின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்து தந்தால் சொன்ன நாள் மட்டும், நீட்டினால் பல் கறுக்கும். உப்புத் தண்ணீர் ஆறுதல் தரும், வளர்ந்த சதையைக் கரைக்காது. வேப்பங்குச்சியால் இந்த முரசைக் குத்திக் காயப்படுத்தவேண்டாம்.

குளிசை மாற்றுவது கிளினிக் டொக்டரின் முடிவு. லெவெடிரசெட்டம் போன்ற வேறு வலிப்பு மருந்துகளில் இந்த முரசுத் தொல்லை அரிது, ஆனால் தலைக்காயத்தால் வந்த வலிப்பு இதிலே அடங்கியிருக்கும்போது அவர் யோசித்துத்தான் தொடுவார். மாற்றினாலும் புதியதைக் கூட்டிப் பழையதை மெல்லக் குறைத்துத்தான். பிறகு சில மாதத்தில் முரசு தானாகவே இறங்குவதும் உண்டு.

பல் பகுதிக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். கொப்பி இல்லாமல் வருகிறவர்களோடு எனக்குப் பெரிய சண்டை. பல்லு வீக்கத்துக்கு எழுதும் மெட்ரனிடசோல், பெனிடோயினை இரத்தத்தில் கூட்டிவிடக்கூடும், அப்போது ஆள் குடித்தவர் மாதிரித் தள்ளாடுவார். வல்புரோவேட் என்ற வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தம் உறைவது பிந்தலாம், பல் பிடுங்கமுன் சொல்லவேண்டும்.

செட்டிகுளம், அந்தக் கோடு பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரில் உள்ள புளோரைட்டு, பல் முளைக்கமுன்னே பதிந்தது. அதே கிணற்றில் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லைப் பாருங்கள், மருந்து எடுக்காதவர்களுக்கும் இருக்கும்.

புதுக்குடியிருப்பு அக்கா:

எல்லாருக்கும் நன்றி. வரம்புக் கதையை அவனுக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை, இரவு குளிசையைக் கேட்டு வாங்கிப் போட்டான். புதுப் பிரஷ்ஷில் முதல் நாள் நுரை முழுக்கச் சிவப்பு, எனக்கே கை நடுங்கியது. இன்று ஐந்தாம் நாள், கொஞ்சம் வெளிறியிருக்கிறது. வியாழன் கிளினிக். கொப்பியின் மட்டையிலேயே ‘முரசைப் பார்க்கவும்’ என்று பெரிதாக எழுதிவிட்டேன், டொக்டர் ஏசினாலும் பரவாயில்லை.