மறு: டெயில்கேட் லாரி: ‘தூக்குக்கதவு’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். லாரியின் பின்னால் சரக்கை ஏற்றி இறக்கும் சாதனத்தை அமெரிக்கர்கள் லிஃப்ட்கேட் என்கிறார்கள், நாங்கள் வேலையில் டெயில்கேட் என்போம். நம் பாதுகாப்புச் சுவரொட்டிக்காக அதற்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். குழுவில் ஒருவர் எழுதியது:

> லிஃப்ட் என்றால் தூக்கு, கேட் என்றால் கதவு. ‘தூக்குக்கதவு’ என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது.

ஐயா, எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாமான் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று வேலை பார்த்தவர் யாரும் அதைக் கதவு என்று சொல்லமாட்டார். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் இரண்டு வருடம் அதோடு மாரடித்தவன் நான். அது என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பெயர் அப்புறம்.

லாரித் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரம். பெரிய கிடங்குகளில் அதே உயரத்துக்கு மேடை கட்டியிருப்பார்கள். லாரி பின்பக்கமாக வந்து ஒட்டி நின்றால் சரக்கு அடுக்கிய பேலட் பலகையை உருட்டியே உள்ளே கொண்டுபோகலாம். மேடை இல்லாத கடைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ 400 கிலோ சரக்கு வந்தால்? அதற்குத்தான் லாரியின் பின்னால் ஓர் இரும்புத் தட்டு, அல்லது அலுமினியத் தட்டு. லாரி பேட்டரியில் ஓடும் பம்பு எண்ணெயை அழுத்த, தட்டு மேலே ஏறும். இறங்குவதற்குப் பலவற்றில் பம்பே வேண்டாம்; வால்வு திறந்தால் தன் எடையிலேயே மெதுவாக இறங்கிவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு நாள் முழுக்க ஏற்றி இறக்கினால் பேட்டரி படுத்துவிடும், அது வேறு கதை.

அமெரிக்காவில் இது சரக்குக் கட்டணத்திலேயே தனி இனமாக வரும். இறக்கும் இடத்தில் மேடை இல்லை என்றால் முன்கூட்டியே சொல்லி, கூடுதல் பணம் கட்டி, இந்த வசதியுள்ள லாரியைக் கேட்க வேண்டும். சொல்லாமல் விட்டால் சரக்கு வாசல்வரை வந்தும் இறங்காமல் திரும்பிப் போகலாம்.

இப்போது பெயர். ‘கதவு’ ஏன் கூடாது? பல லாரிகளில் உண்மையான பின்கதவு தனியாக இருக்கிறது, தட்டு வேறு. அமெரிக்கர்கள் காரின் பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கதவையும் இதே லிஃப்ட்கேட் என்ற பெயரால்தான் சொல்கிறார்கள். ‘தூக்குக்கதவு’ அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும், அங்கே வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: நாம் மொழிபெயர்ப்பது பாதுகாப்புச் சுவரொட்டி. இடம் போதாமல் ‘தூக்கு’ ஒரு வரியிலும் ‘கதவு’ அடுத்த வரியிலும் விழுந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்?

போன மடலில் வந்த ‘ஏற்றிறக்கி’ பொருளளவில் சரி. ஆனால் எஞ்சின் இரைச்சலில் நின்றுகொண்டு அதை மூன்று முறை கத்திப் பாருங்கள். ‘பின்தூக்கி’ பிரிட்டன்காரர்களின் டெயில் லிஃப்டை அப்படியே பெயர்த்தது. அதில் ஏறுவது மட்டும் இருக்கிறது, விபத்தோ இறக்கும்போதும் நடக்கும்.

அம்மா ஒருவர் ‘சுமைதாங்கி’யை முன்வைத்திருந்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லும் இதே சிக்கலுக்குத்தான் விடை. தலைச்சுமையைத் தரையில் வைத்துவிட்டால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும், கல் தலைமட்டத்தில் இருந்தால் ஒற்றை ஆளே நகர்த்தி வைத்து நகர்த்தி எடுத்துக்கொள்ளலாம். உயரத்தைச் சமன்செய்வதுதான் இரண்டிலும் சூட்சுமம். ஆனால் கல் அசையாது. தவிர, ஊரில் அந்தக் கல் பல இடங்களில் வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக நட்டது. லாரிக்குப் பின்னால் அந்தப் பெயரை மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை: சுமைத்தட்டு.

இதை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மழைநாளில் நகல் இயந்திரம் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தோம். தட்டின் ஓரத்தில் சக்கரம் உருளாமல் நிற்க மடக்குத் தடுப்பு உண்டு, அதை நிமிர்த்த மறந்துவிட்டோம். லாரி நின்ற இடம் லேசான சரிவு. தட்டு பாதி இறங்கியபோது இயந்திரத்தை வைத்திருந்த ஹேண்ட் ஜாக் (கையால் தள்ளும் சக்கர வண்டி) தானாக உருள ஆரம்பித்தது. பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “தட்டுக்குக் கீழ நிக்காதடா!” என்று கத்தினார். மற்ற நேரமெல்லாம் எல்லோரும் ‘டெயில்கேட்’ என்பவர்கள்தான். அவசரத்தில் அவர் வாயில் வந்தது ‘தட்டு’. இயந்திரம் நொறுங்கியது, என் கால் தப்பியது.

ஏறி இறங்குவது பெயரில் இல்லையே என்பீர்கள். தராசுத் தட்டும் ஏறி இறங்குகிறது, அதன் பெயரில் இருக்கிறதா? ஜெர்மானியர்கள் ‘லாடேபோர்ட்வாண்ட்’ என்கிறார்கள். அதில் ஏற்றுவதும் வண்டியின் பக்கப்பலகையும்தான் இருக்கின்றன, தூக்குவது இல்லை. அவர்கள் பிழைப்பு நன்றாகவே நடக்கிறது.

கொங்குப் பக்கத்து நண்பர் தனிமடலில் கேலி செய்தார்: “தட்டு லாரி என்றால் எங்க ஊரில் சோளத்தட்டு ஏற்றிய லாரி.” அங்கே தட்டு என்றால் காய்ந்த சோளத் தாள். நியாயம்தான். அதனால்தான் எழுத்தில் ‘சுமை’யை விடக்கூடாது என்கிறேன். பேச்சில் இடம் பார்த்துச் சுருங்கிக்கொள்ளும்.

சுவரொட்டி வரிகளில் போட்டுப் பார்த்தேன்:

சுமைத்தட்டின் கீழ் நிற்காதே.
தட்டு தரையைத் தொடும்வரை சரக்கை நகர்த்தாதே.
எடையைத் தட்டின் நுனியில் வைக்காதே, லாரியை ஒட்டி வை.

கடைசி வரி முக்கியம். 1,000 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால் அது தட்டின் எந்த இடத்திலும் 1,000 கிலோ என்று அர்த்தமில்லை. பல மாதிரிகளில் அந்தக் கணக்கு, பாரத்தின் மையம் லாரிப் பக்கத்து ஓரத்திலிருந்து 600 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான். வெளியே போகப்போகத் தாங்கும் எடை குறையும்.

லாரிக்கு அடியில் மடிந்து போகும் வகைக்கு ‘மடக்குச் சுமைத்தட்டு’ என்று குறித்திருக்கிறேன். பின்பக்கத்து இரண்டு செங்குத்துத் தண்டுகளில் ஏறும் வகைக்கு இன்னும் எதுவும் அமையவில்லை. ‘தண்டுச் சுமைத்தட்டு’ காதுக்கு நன்றாக இல்லை. வெள்ளிக்கிழமை கோப்பு அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.