நாட்டார் பாடகரின் புதிய தொகுப்பில் பொப் இசை: சொற்கள் ஏன் மங்கின?

வயற்கரையான், முள்ளியவளை:
நெல் அறுவடையின்போது பாடும் அருவிவெட்டுப் பாட்டின் மெட்டுகளிலும் பள்ளின் சந்தங்களிலும் தானே பாட்டெழுதி, ஒரு கிற்றாரும் ஓர் உடுக்குமாகப் பாடிவந்த நம் பக்கத்துப் பாடகரின் புதிய இசைத்தொகுப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ட்ரம்ஸ், பேஸ் கிற்றார், கீபோட், பின்னணிக் குரல்கள் என்று இம்முறை முழுமையான பொப் இசைக்கு வந்திருக்கிறார். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் முன்னைய பாட்டுகளில் தெளிவாகக் கேட்ட சொற்கள் இப்போது ஹெட்போன் இல்லாமல் பிடிபடவில்லை. இது பொப் இசையின் இயல்பா, ஒலிப்பதிவின் குறையா?

பழைய வானொலி ரசிகர், வவுனியா:
பொப் இசையின் இயல்பென்று சொல்ல முடியாது, தம்பி. எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய துள்ளிசைப் பாட்டுகளை எங்கள் தலைமுறை இன்றும் வரி பிசகாமல் பாடும். 1965 யூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் நாட்டார் பாடகர் பொப் டிலன் மின்கிற்றார்க் குழுவுடன் மேடையேறியபோது ஒரு பகுதியினர் கூச்சலிட்டார்கள். அன்று கோபப்பட்ட மூத்த நாட்டார் பாடகர் பீட் சீகர், தான் வெறுத்தது மின்கிற்றாரையல்ல, சொற்கள் விளங்காதபடி ஒலி சிதைந்ததையே என்று பின்னாளில் விளக்கினார். உங்கள் முறைப்பாடும் அதுவேதான்.

ஒலிப்பதிவாளர், கிளிநொச்சி:
குறை மிக்ஸிங்கில்தான், அதாவது குரலையும் கருவிகளையும் கலந்து சமப்படுத்துவதில்தான், இருக்கிறது. க, ச, த, ட போன்ற மெய்யொலிகளை நாம் பிரித்தறிவதற்கு ஏறத்தாழ 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான அதிர்வெண் பகுதி மிக முக்கியமானது. கிற்றாரும் கீபோட்டும் சிம்பலும் அதே பகுதியில் நெருக்கும்போது குரல் ஒலித்தாலும் சொல் கரைந்துவிடும். பாடும் வேளையில் மட்டும் கீபோட்டை அந்த இடத்தில் இரண்டு மூன்று டெசிபல் தணித்திருந்தாலே போதும். எல்லாவற்றையும் உரக்கமாக்கி நசுக்கியதாலும் பயனில்லை, ஏனெனில் ஸ்பொட்டிஃபை போன்ற இசைத் தளங்கள் பாட்டுகளின் உரப்பை வழக்கமாக ஒரே அளவுக்கு (ஸ்பொட்டிஃபையில் −14 எல்யூஎப்எஸ்; இது உரப்பை அளக்கும் அலகு) சமப்படுத்தியே ஒலிக்கவிடுகின்றன.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் தாளத்தில். அருவிவெட்டுப் பாட்டில் முன்பாட்டுக்காரர் வரியின் கடைசி எழுத்தை இழுத்து நிறுத்துவார். நிரையில் நிற்பவர்கள் ஏற்றுப் பாடும்வரை அந்த இழுப்பு நீளும். கணினி தட்டும் மாறாத கிளிக் தாளத்துக்குள் அடைத்ததில் அந்த மூச்சு பல பாட்டுகளில் வெட்டுப்பட்டிருக்கிறது. மூன்றாவது பாட்டில் மட்டும் ட்ரம்ஸ் முழுவதுமாக நின்று, உடுக்கும் குரலும் தனித்து ஒரு வரியைக் கடந்தபின் பேஸ் கிற்றார் மெல்ல வந்து சேர்கிறது; தொகுப்பு முழுவதும் இப்படி அமைந்திருக்கலாம் என்று ஏங்கினேன்.

மாங்குளம் பிள்ளை:
அண்ணா சொல்லும் மிக்ஸிங் குறையை ஏற்கிறேன். ஆனால் இப்போது வயலில் வெட்டு மெசின் இறங்குகிறது, நிரையாக நின்று ஏற்றுப் பாட ஆளில்லை. தனிக் கிற்றாரோடு அவர் பாடியபோது அந்த ஏற்றுப்பாடும் கூட்டம் எங்குமே இருக்கவில்லை. புதிய தொகுப்பின் பின்னணிக் குரல்களில்தான் அது முதன்முறையாகத் திரும்பியிருக்கிறது. அதற்காகவே இந்த மாற்றத்தை நான் விரும்புகிறேன்.

ஒலிப்பதிவாளர், கிளிநொச்சி:
நல்ல கவனிப்பு, தங்கச்சி. அப்படியானால் அந்தக் குரல்களை எதிரொலியில் குழைத்துப் பின்னுக்குத் தள்ளியிருக்கக் கூடாது. வயலில் ஏற்றுப் பாடியவர்கள் முன்பாட்டுக்காரருக்குச் சமமாகவே ஒலித்தார்கள்.