காலையில் மட்டும் விழிக்காத கணினி

2007ஆம் ஆண்டில் வாங்கிய மேசைக் கணினி ஒன்று இன்னும் என் பயன்பாட்டில் இருக்கிறது. அதைத் தூக்கிப் போடாததற்குப் பாசம் காரணமில்லை. அதனோடு இணைந்திருக்கும் ஸ்கேனருக்குரிய மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பிக்கு அப்பால் எதிலும் இயங்குவதில்லை. ஸ்கேனரோ இன்றும் பழுதில்லாமல் வேலை செய்கிறது. ஆகவே, ஒரு நாள் காலையில் அந்தக் கணினி எழ மறுத்தபோது, அதைச் சரிசெய்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுழன்றன, முன்பக்க விளக்கு எரிந்தது, ஆனால் மானிட்டரில் எதுவும் வரவில்லை, பீப் ஒலியும் கேட்கவில்லை. பழைய கணினிகளோடு பழகிய எவரும் செய்வதையே நானும் செய்தேன்: கேபினட்டைத் திறந்து, ராம் எனப்படும் நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்தினேன். இரண்டு மூன்று முறை பொத்தானை அழுத்தியதும் கணினி எழுந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே கோளாறு, அதே ரப்பர், அதே வெற்றி. இப்படி மூன்று முறை நடந்த பிறகு, ராம் செருகும் இடம்தான் தேய்ந்துவிட்டது என்று உறுதியாக நம்பத் தொடங்கினேன். தற்செயலாகப் பலித்துவிட்ட வைத்தியத்தைப் போல ஆளை ஏமாற்றுவது வேறொன்றும் இல்லை என்பதை அப்போது நான் உணரவில்லை.

என் நம்பிக்கையை அசைத்தது நேரம்தான். இரவு முழுவதும் அணைந்து கிடந்த பிறகு காலையில்தான் கணினி அடம்பிடித்தது. பகலில் ஒரு மணி நேரம் அணைத்து வைத்துவிட்டுப் போட்டால் முதல் அழுத்தலிலேயே எழுந்தது. ராமின் தொடுமுனையில் அழுக்கு என்றால் அது காலைக்கும் மாலைக்கும் வேறுபாடு பார்க்காது. அதோடு, தொடக்கத்தில் இரண்டு முறை அழுத்தினால் போதும் என்றிருந்தது, நாளடைவில் பத்துப் பதினைந்து முறை என்று வளர்ந்துகொண்டே போயிற்று.

ஆகவே ஒரு சோதனை செய்தேன். கணினி நன்றாக ஓடிச் சூடாக இருந்த ஒரு மாலையில் அதை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, ராமை முழுவதுமாக நீக்கினேன். பிறகு ராம் இல்லாமலே இணைப்பைக் கொடுத்துக் கணினியைப் போட்டேன். மற்ற பாகங்களெல்லாம் பொருந்தும் மதர்போர்டின் சிறிய ஸ்பீக்கர் நீளமான பீப் ஒலிகளால் புகார் சொன்னது. ராம் இல்லை என்பதைக் கண்டுபிடித்துச் சொல்லும் அளவுக்குப் பிராசசரும், கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸும் உயிரோடு இருக்கின்றன என்று அதற்குப் பொருள். மறுநாள் காலையில், ராம் இல்லாத அதே நிலையில் போட்டபோது விசிறிகள் சுழன்றன, ஆனால் ஒரு பீப்கூட வரவில்லை. கோளாறு ராமைப் பரிசோதிக்கும் கட்டத்துக்கும் முன்னாலேயே இருக்கிறது என்பது அந்த மௌனத்தில்தான் விளங்கியது.

கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை நான் அதுவரை சந்தேகிக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. மதர்போர்டிலிருந்து அதன் பெரிய இணைப்பைக் கழற்றி, பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துப் பார்க்கும் வழக்கமான சோதனையில் அது உடனே ஓடியது; விசிறி சுழல்வதைப் பார்த்து அதற்கு நற்சான்றிதழும் கொடுத்துவிட்டேன். அந்தச் சோதனை, சுமை இல்லாத நிலையில் எஸ்எம்பிஎஸ் கிளம்புகிறதா என்பதை மட்டுமே சொல்லும். விசிறிகளுக்கு 12 வோல்ட் கிடைத்தால் போதும், அவை வேறு எதற்கும் காத்திருப்பதில்லை. பிராசசர் அப்படியல்ல. மின்னழுத்தங்கள் எல்லாம் நிலைபெற்றுவிட்டன என்று எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிறக் கம்பி வழியாக 5 வோல்ட் சைகை அனுப்பும் வரையில் மதர்போர்டு பிராசசரை விழிக்க விடாது. அந்தச் சைகை வராவிட்டால் விசிறிகள் மட்டும் வீணாகச் சுழன்றுகொண்டிருக்கும்.

எல்லா இணைப்புகளையும் அப்படியே விட்டுவிட்டு, காலைக் குளிரில் மல்டிமீட்டரின் முனையை இணைப்பியின் பின்புறமாகச் செருகி அளந்தேன். மஞ்சள் கம்பியில் 11.9 வோல்ட் இருந்தது. சிவப்புக் கம்பியிலோ 5 வோல்ட்டுக்குப் பதிலாக 4.4 மட்டுமே. ஐந்து சதவீத ஏற்ற இறக்கம்தான் அனுமதிக்கத்தக்கது, அதாவது 4.75க்குக் கீழே போகக் கூடாது. சாம்பல் கம்பியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பொத்தானைப் பலமுறை அழுத்தி அணைத்துப் போட்ட பிறகு சிவப்புக் கம்பி மெல்ல 4.9க்கு ஏறியது, சாம்பல் கம்பி உயிர்பெற்றது, திரையும் வந்தது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்னழுத்தத்தைச் சீராக்கும் மின்பகுளிக் கெப்பாசிட்டர்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து போகும்போது அவற்றின் உள் மின்தடை கூடுகிறது. குளிர்ந்திருக்கும்போது அது மேலும் கூடும், சூடேறினால் குறையும். நான் ரப்பரால் தேய்த்துத் தேய்த்து முயன்ற ஒவ்வொரு முறையும் உண்மையில் செய்தது, அந்தக் கெப்பாசிட்டர்களைச் சூடேற்றியது மட்டுமே.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெப்பாசிட்டரை மாற்றலாம் என்பார்கள். நான் திறக்கவில்லை. மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும் என்பதால் அது எனக்குரிய வேலையல்ல. முழுதாக மாற்றினேன், காலையில் முதல் அழுத்தலிலேயே எழுகிறது. பிராசசருக்கு அருகில் இருக்கும் இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல், கெடத் தொடங்கியதன் அடையாளமாகச் சற்றே மேடாகத் தெரிவதை இந்த வேலையின்போதுதான் கவனித்தேன், அவற்றை மாதம் ஒருமுறை பார்த்து வருகிறேன்.

*

மேலே எழுதிய நண்பரின் கணினி அவரை ஒரு கோளாற்றால் ஏமாற்றியது. என்னுடையதை நானே சரிசெய்து இரண்டாவது கோளாற்றை உண்டாக்கினேன். கணினி ஒவ்வொரு முறையும் தேதியை மறந்து, தொடங்குவதற்கு முன் பயாஸ் எச்சரிக்கையோடு நின்றது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியில் 3 வோல்ட்டுக்குப் பதிலாக 1.8 வோல்ட்டே இருந்தது. புதியதைப் போட்டு, தேதியைத் திருத்தி, சேமித்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த நொடியே விண்டோஸ் 7 நீலத் திரையைக் காட்டிவிட்டு மறுபடி தொடங்கியது. இதுவே திரும்பத் திரும்ப நடந்தது. ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டி, விண்டோஸை முதலிலிருந்து நிறுவுவதற்கு அதன் டிவிடியைக்கூட எடுத்துவிட்டேன்.

நல்ல வேளையாக, நீலத் திரையை ஒளிப்படம் எடுத்து நிதானமாகப் படித்தேன். 7பி என்று முடிந்த அந்தப் பிழைக்குறி, விண்டோஸால் தன் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்பதைக் குறிப்பது. பேட்டரி தீர்ந்தபோது பயாஸ் தன் அமைப்புகளையெல்லாம் மறந்து, சாட்டா இணைப்பிலுள்ள ஹார்டு டிஸ்க்கை அணுகும் முறையை, ஏஹெச்சிஐ என்ற புதிய முறையிலிருந்து ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றிவிட்டிருந்தது. விண்டோஸ் நிறுவப்பட்டதோ ஏஹெச்சிஐ முறையில். அந்த ஒரு வரியைத் திருப்பி மாற்றியதும் எல்லாக் கோப்புகளோடும் கணினி எழுந்தது. இப்போது பேட்டரியைக் கழற்றுவதற்கு முன், அது முழுவதும் தீர்ந்திராவிட்டால், பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன்.

*

இந்த இருவருக்கும் அடுத்து எழுதும் என்னுடையது சிறிய கதை. என் கணினி போட்டவுடன் ஓடும், பிறகு அணைந்துவிடும். பிராசசர் சூடாகிறது என்று எண்ணி, அதன் சூட்டை வெளியே கடத்தும், காய்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன், பயனில்லை. ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போட்டபோது, ஒவ்வொரு முறையும் சரியாக நான்கு நொடியில் அணைவது தெரிந்தது. சூடேறி அணைவது அவ்வளவு ஒழுங்காக நடக்காது. நான்கு நொடி என்பது, பவர் பொத்தானை விடாமல் அழுத்தினால் கணினி தானே அணையும் நேரம். கேபினட்டின் முன்பக்கப் பொத்தான் தூசியால் உள்ளேயே சிக்கி, நான் கையை எடுத்த பிறகும் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மதர்போர்டிலிருந்து அந்தப் பொத்தானின் கம்பியை உருவிவிட்டு, அதற்குரிய இரு முனைகளை ஸ்குரூடிரைவரால் ஒரு கணம் தொட்டதும் கணினி எழுந்து, அணையாமல் நின்றது. பிறகு ரீசெட் பொத்தானின் கம்பியை எடுத்து அந்த இரு முனைகளில் செருகினேன். அன்று முதல் அதை ரீசெட் பொத்தானை அழுத்தித்தான் போடுகிறேன்.