ஐரிஷ் ரீலுக்கு ஐந்து தந்தி பாஞ்சோ: எந்தச் சுருதி?

கேள்வி: பாஞ்சோ ஓபன் ஜி-யில் (ஜி டி ஜி பி டி) இருக்கு. ஐரிஷ் ரீல்கள் (வேகமான நடன மெட்டுகள்) நிறைய டி-யில் வருது. கேப்போவை (தந்திகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கிளிப்) ஏழாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பி) போடலாமா? ஸ்க்ரக்ஸ் ரோல் (மூன்று விரலால் தந்திகளை மாறி மாறி மீட்டும் முறை) போட்டால் மெட்டே தெரியல.

பதில் 1: ஏழில் போட்டால் கனம் போய்க் கீச்சென்று ஒலிக்கும். டபுள் சி வையுங்க: நான்காம் தந்தியை டி-யிலிருந்து சி-க்கு இறக்கி, இரண்டாவதை பி-யிலிருந்து சி-க்கு ஏற்றணும். கேப்போ இரண்டாம் ஃப்ரெட்டில், டி வந்துடும். ஐந்தாம் தந்தி கேப்போவுக்குள் வராது. அதை ஏழாம் ஃப்ரெட்டில் அடித்த சின்ன ஆணியில் மாட்டி ஏ-வுக்குக் கொண்டுவாங்க. ஆணி இல்லையா, முறுக்காணியை மெதுவாத் திருகுங்க, மெல்லிய தந்தி, அறுந்துடும்.

பதில் 2: சுருதி பாதிதான். ஐரிஷ் செஷனில் (கூடி வாசிக்கும் இடத்தில்) எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிப்பாங்க, புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற பாணி இசை) மாதிரி ஆளுக்கொரு சோலோ கிடையாது. மெட்டைச் சுரத்துக்குச் சுரம் பிடிக்கும் மெலோடிக் பாணி பொருந்தும். ஓல்ட்-டைம் கிளாஹாமரும் (நகத்தால் கீழ்நோக்கித் தட்டும் பழைய அமெரிக்க முறை) ரீலுக்கு நல்லாவே வரும். 6/8 தாளத்தில் வரும் ஜிக் என்ற நடன மெட்டில்தான் இடறும்: கிளாஹாமர் அடி இரண்டிரண்டா விழும், ஜிக் மும்மூன்றா ஓடும்.

பதில் 3: ஜிக்தான் அதிகம்னா நாலு தந்தி டெனர் பாஞ்சோ வாங்குங்க. சுருதி ஜி டி ஏ இ, பிக்கால் (மீட்டும் சின்னத் தகடு) வாசிப்பது. டப்ளினர்ஸ் என்ற ஐரிஷ் இசைக்குழுவின் பார்னி மெக்கென்னா பரப்பிய சுருதி. ஃபிடிலுக்கு ஒரு ஆக்டேவ் கீழே.