உயரக் கட்டடப் படங்களும் வாட்டர்மார்க்கும்: அவரவர் அனுபவம்

சூரியன் மறைந்து, வானம் கருநீலமாக மாறுவதற்குள் ஒரு அடுக்குமாடியைக் கீழே நின்று எடுத்திருந்தேன். அந்தப் படத்தை ஒரு கட்டுமான நிறுவனம் தன் விளம்பரத்தில் போட்டிருந்தது. வலது மூலையில் வாட்டர்மார்க்காக, அதாவது உரிமைக் குறியாகப் பதித்திருந்த என் பெயரை மட்டும் காணோம். உயரக் கட்டடப் படத்தில் மூலை என்றாலே ஒன்று வெறும் வானம், இல்லையென்றால் சாலை. இரண்டையும் வெட்டினாலும் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. வானத்தில் எழுதியிருப்பதைப் போனிலேயே விரலால் தேய்த்து அழித்துவிடலாம்.

கேட்டதற்கு, "எங்கள் ஆள் எடுத்த படம்" என்றார்கள். சரி என்று ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த திருத்தாத மூலக் கோப்பை, கொண்டுபோய்ப் பெரிதாக்கிக் காட்டினேன். மேல்மாடி ஒன்றில் திரை பாதி இழுபட்டிருக்கிறது. பக்கத்தில் கண்ணாடி துடைப்பவரின் கயிறும் வாளியும் தொங்குகின்றன, ஆள் இல்லை. விளம்பரத்திலும் அதே கயிறு, அதே வாளி. அதைவிட முக்கியமான ஒன்று இருந்தது. கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்ததால் கட்டடம் பின்னால் சாய்ந்தாற்போல விழுந்திருந்தது. நேராக்கியபோது ஓரங்கள் வெட்டுப்பட்டன. நான் வெளியிட்ட படத்திலேயே இல்லாத அந்த ஓரங்கள் ரா ஃபைலில் முழுசாக இருந்தன. அவர்களால் அதைக் காட்ட முடியவில்லை. பேச்சு அங்கே முடிந்தது, பணமும் வந்தது.

இப்போதெல்லாம் குறியை ஜன்னல் வரிசைகள் மேலேயே மெல்லியதாகப் போடுகிறேன். அங்கே அழித்தால் ஜன்னல் சட்டம் எங்காவது கோணிக்கொள்ளும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். புதிய ஏஐ கருவிகள் அதையும் ஓரளவு சரிசெய்துவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் வானத்தில் அழிப்பது போல அத்தனை சுலபம் இல்லை.

*

மேலே நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே குறியை, ஒரே அளவில், எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி அச்சடிக்க வேண்டாம். கூகுள் ஆய்வாளர்கள் 2017-இல் இதைச் செய்தே காட்டினார்கள். ஒரே வாட்டர்மார்க் உள்ள படங்களை நிறையச் சேர்த்துக் கொடுத்தால், கணினி அந்தக் குறியைத் தனியாகப் பிரித்தெடுத்து எல்லாப் படத்திலிருந்தும் நீக்கிவிடுகிறது. படத்துக்குப் படம் குறியின் வடிவத்தைக் கொஞ்சம் நெளித்துவிட்டால், நீக்கிய இடத்தில் தடம் தங்கிவிடுகிறது. அதைப் படித்ததிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் கையாலேயே இடம் பார்த்து வைக்கிறேன். நேரம் பிடிக்கிறது, ஆனால் படத்தைக் கெடுக்காத இடமும் அப்போதுதான் கண்ணில் படுகிறது.

*

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடியில் ட்ரைபாட் வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். காவலாளி வந்து நிறுத்தச் சொன்னார். அங்கே குடியிருக்கும் நண்பர்தான் என்னை மேலே அனுப்பியிருந்தார், நிர்வாகத்துக்குத் தெரியாது. நீளமான லென்ஸ் எதிர்வீட்டு ஜன்னல்களைப் பார்த்து நின்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். "அண்ணே, நீங்களே பாருங்கள்" என்று கேமராத் திரையில் ஒவ்வொரு ஜன்னலாகப் பெரிதாக்கிக் காட்டினேன். எந்த ஜன்னலிலும் ஆள் முகம் இல்லை. அப்புறம் அவரே மேலாளரின் எண்ணைக் கொடுத்தார். அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகுதான் மீதிப் படங்களை எடுத்தேன்.

எங்கே நின்று எடுக்கிறோம் என்பது சட்டத்திலும் பெரிய விஷயம். வியன்னாவில் ஓவியர் ஹுண்டர்ட்வாஸரின் பெயரால் அழைக்கப்படும் அடுக்குமாடி வீட்டை எதிரே உள்ள கட்டடத்தின் மாடியிலிருந்து எடுத்த படம் ஒன்று ஜெர்மனியில் வழக்கானது. தெருவில் நின்று எடுக்கும் படத்துக்கு, கட்டடத்தை வடிவமைத்தவரிடம் அனுமதி கேட்க வேண்டாம் என்று உள்ள சலுகை, மாடியிலிருந்து எடுத்ததற்குப் பொருந்தாது என்று 2003-இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எப்போது எடுக்கிறோம் என்பதும் முக்கியம், அதற்கு ஈஃபில் கோபுரம் உதாரணம். பகல் படத்தை விற்கத் தடையில்லை. இரவு விளக்கலங்காரத்தோடு வணிகத்துக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். நாம் நம் பெயரைப் பதிக்கும் படம் முதலில் நமக்கு உரிமையுள்ள படமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

*

சுருக்கமாக என்னுடையதும். ஐபிடிசி விவரங்களில், அதாவது படக் கோப்புக்குள்ளேயே கண்ணில் படாமல் பதியும் குறிப்புகளில், பெயரையும் தொடர்பு முகவரியையும் எழுதிவிடுவேன். பல சமூக ஊடகங்கள் படத்தை ஏற்றும்போதே அதை உரித்துவிடும். ஆனால் வாடிக்கையாளருக்கு நேராக அனுப்பும் ஃபைலில் தங்கும். ஒருவர் என் படத்தை வேறொருவருக்குக் கைமாற்றியபோது, வாங்கியவர் அதைப் பார்த்துத்தான் என்னைத் தேடி வந்தார். அமெரிக்காவில் 1998-இன் டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி, திருட்டை மறைக்கத் தெரிந்தே உரிமைத் தகவலை நீக்குவது தனி மீறல். ஒவ்வொன்றுக்கும் 2,500 முதல் 25,000 டாலர் வரை நஷ்டஈடு கேட்கலாம். அதனால் குறி இருந்த படத்தையும் குறி நீக்கிய படத்தையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு அவர்களிடம் பேசுங்கள். முதலில் பேசினால் படத்தை இறக்கிவிடுவார்கள், கையில் ஆதாரம் இருக்காது.