புதுப்பிப்பு: கோலிக் அழுகைக்கு புரோபயாடிக் சொட்டு

கோலிக் (கைக்குழந்தை காரணம் தெரியாமல் நீண்ட நேரம் அழுவது) அழுகைக்கு புரோபயாடிக் (நன்மை செய்யும் பாக்டீரியா) சொட்டு கொடுப்பது பற்றிய முந்தைய பதிவுக்குப் பின் பலரும் கேட்டது: "ஒரு வாரம் கொடுத்தும் குழந்தையின் அழுகை குறையவில்லையே?"

பலன் தெரிய 2–3 வாரம் ஆகலாம். நல்ல சான்று இருப்பது லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி டிஎஸ்எம் 17938 என்ற பாக்டீரியா வகைக்கு, அதுவும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம்தான். புட்டிப்பால் குழந்தைகளுக்கு அவ்வளவு உறுதியில்லை. லேபிளில் 17938 என்ற எண் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

வழக்கமான அளவு நாளுக்கு ஒருமுறை 5 சொட்டு. அதில் சுமார் 10 கோடி பாக்டீரியா. சொட்டு மருந்து எண்ணெயில் கலந்தது; பாக்டீரியா அதன் அடியில் படிந்துவிடும், பாட்டிலைக் குலுக்காவிட்டால் வெறும் எண்ணெய்தான் விழும். சூடான பாலில் கலந்தால் பாக்டீரியா செத்துப்போகும்; கரண்டியில் விட்டுக் கொடுங்கள்.

குறைமாதக் குழந்தைக்கு நீங்களாகத் தொடங்கவே வேண்டாம். இந்த பாக்டீரியாவாலேயே ரத்தத்தில் தொற்று ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023-இல் எச்சரித்தது. காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம் இருந்தால் சொட்டு மருந்தை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.